கூரை படியவில்லை என்றால் முதலில் வண்டியைப் பாருங்கள்

பழைய கார்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (இந்திரா நகர், பெங்களூரு): என் தந்தையார் வைத்திருந்த 1969-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற திறந்த காருக்கு, இங்கிலாந்திலிருந்து பழைய ஃபைபர்கிளாஸ் ஹார்டுடாப் (கழற்றி மாட்டக்கூடிய கெட்டிக் கூரை) ஒன்றை வரவழைத்தேன். தூக்கி வைத்தால் முன்புறம் கண்ணாடிச் சட்டத்தின் மேல் சரியாக உட்காருகிறது. பின்புறத்தில் வலது மூலை மட்டும் ஒரு விரற்கடை உயர்ந்து நிற்கிறது. பெயின்ட் அடித்துவிட்டுப் பிறகு போல்ட்டை இறுக்கினால் தானே படிந்துவிடும் என்கிறார் டிங்கரிங் செய்பவர். அவ்வாறு செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபைபர்கிளாஸ் இறுக்கத்துக்கு வளைந்து கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் வளைந்த நிலையிலேயே அது ஒவ்வொரு குழியிலும் மேட்டிலும் அதிரும்போது, போல்ட் துளையைச் சுற்றி விரிசல் விட்டு, புதிய பெயின்ட்டையும் சேர்த்துப் பிளந்துவிடும்.

அந்த ஒரு விரற்கடை உயரத்தைக் கூரையின் குற்றம் என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் உருவான எம்.ஜி.பி.க்குத் தனியான சேஸி, அதாவது உடலைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. நிலையான கூரையும் இல்லாத ரோட்ஸ்டரில், வண்டியின் உறுதியின் பெரும்பகுதி கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' எனப்படும் பெட்டிப் பகுதியில்தான் இருக்கிறது. அது உள்ளுக்குள் துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்ந்து, முன் கண்ணாடிச் சட்டமும் பின்பகுதியும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. கூரை உட்கார வேண்டிய இடம் அந்த அளவுக்குக் குறுகிப்போகிறது. ஆகவே வண்டியைச் சமதளத்தில், ஜாக்கி எதுவும் கொடுக்காமல், நான்கு சக்கரங்களிலும் நிறுத்தி, கதவின் பின் விளிம்பிலுள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து பாருங்கள். வலப்புறத்தில் மட்டும் அது மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால், வேலை கூரையில் அல்ல, வலது சில்லில் இருக்கிறது. தொய்ந்த உடலுக்கு ஏற்பக் கூரையை அறுத்துவிட்டால், நாளை சில்லைப் புதுப்பித்து வண்டி நிமிரும்போது அந்தக் கூரை எதற்கும் உதவாது.

இடைவெளிகள் சீராக இருந்தால் அடுத்ததாக முன் கண்ணாடிச் சட்டத்தின் சாய்வைக் கவனியுங்கள். முன்பு கழற்றி மாட்டியவர் ஒரு பக்கத்தைச் சற்று முன்தள்ளி இறுக்கியிருக்கக்கூடும். அதுவும் சரியாக இருந்தால்தான் கூரையைச் சந்தேகிக்க வேண்டும். அக்காலத்தில் எம்.ஜி. நிறுவனத்தைத் தவிர வேறு பலரும் இவ்வண்டிக்குக் கூரை செய்து விற்றார்கள். எல்லாம் ஓர் அச்சில் வார்த்தவை அல்ல.

பெயின்ட் கடைசி வேலை. ரப்பர் பீடிங் இல்லாமல் இருவராகத் தூக்கி வைத்து, முன் கொக்கிகளை இறுக்காமல் மாட்டி, பின்புறத் தாங்கிகளைத் தளர்வாக விட்டு, நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பின்பு தாங்கிகளுக்கு அடியில் வாஷர்களை வைத்தோ எடுத்தோ உயரத்தைச் சரிசெய்யுங்கள். கதவுக் கண்ணாடிகளை முழுவதும் ஏற்றியே பார்க்க வேண்டும்; பலர் இதை மறந்து, பிறகு கண்ணாடி கூரையில் இடிக்கிறது என்று வருந்துகிறார்கள். இறுதியாகப் பீடிங்கைப் பொருத்தி, அதன் மேல் சாக்பீஸ் தூளைத் தடவிக் கூரையை ஒருமுறை வைத்து எடுத்தால், தூள் ஒட்டாத இடமே நாளை மழைநீர் நுழையப்போகும் இடம். உடலில் புதிய துளை போடுவதைக் கூடியவரை தவிருங்கள். 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்காக இந்தியாவில் 2021-இல் வந்த 'வி.ஏ.' பதிவு வரிசை, சேஸியிலும் உடற்கூட்டிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கே உரியது.

கேள்வி (அதே வாசகர்): கூரையின் மேல் நட்சத்திரம் போல மெல்லிய விரிசல்கள் உள்ளன. பட்டி போட்டால் போதுமா?

பதில்: போதாது. மேலேயுள்ள ஜெல்கோட் படலம் அடியிலுள்ள கண்ணாடி இழை அளவுக்கு வளையாது; அதனால்தான் அது முதலில் வெடிக்கிறது. பட்டி அந்த வெடிப்பை மறைக்கும், சில மாதங்களில் அதே கோலம் மீண்டும் தெரியும். விரிசலை உறுதியான இழை தெரியும்வரை சரிவாகத் தேய்த்து அகற்றி, உட்புறத்திலிருந்து கிளாஸ் மேட் எனப்படும் கண்ணாடி இழை விரிப்பும் பாலியெஸ்டர் ரெசினும் இட்டு வலுவூட்டிய பிறகே மேற்பரப்பை நிரப்ப வேண்டும். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாத மழை நாட்களில் இவ்வேலையைத் தொடாதீர்கள். ஈரம் ஏறிய இழை விரிப்பில் ரெசின் சரியாகப் பிடிக்காது.

கேள்வி (அல்சூர், பெங்களூரு): என் ஹார்டுடாப்பின் பின் ஜன்னல் அக்ரிலிக் தாளால் ஆனது. புதிதாக மாற்றிய தாளும் ஒரு கோடைக்குள் விளிம்பில் வெடித்துவிட்டது. ஏன்?

பதில்: இடம் விடாமல் பொருத்தியிருப்பார்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள அக்ரிலிக் தாள், வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஏறத்தாழ 2 மி.மீ. நீளும், வெயிலில் நிறுத்திய காரின் மேல் அவ்வளவு வெப்பம் ஏறுவது எளிது. சுற்றிலும் விரிவுக்கு இடைவெளி விட்டு வெட்டுங்கள். திருகு உள்ள இடங்களில் துளையைத் திருகைவிடப் பெரிதாகப் போடுங்கள். துடைக்கச் சோப்புத் தண்ணீர் மட்டுமே. தின்னரோ பெட்ரோலோ பட்டால் தாள் முழுவதும் மயிரிழை விரிசல் விழும்.