புதுச் சாவி கதவைத் திறக்கிறது, அலாரம் ஏன் அலறுகிறது?

கேள்வி: ஒருவரிடமிருந்து பழைய கார் வாங்கினேன். ரிமோட்டோடு ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார். அதை வைத்து டூப்ளிகேட் வெட்டி வாங்கினேன். கதவு திறக்கிறது, ஆனால் திறந்த உடனே அலாரம் அலறுகிறது. ஸ்டார்ட் செய்தால் இரண்டு விநாடியில் இன்ஜின் நின்றுவிடுகிறது. சாவியைத் தப்பாக வெட்டிவிட்டார்களா?

பதில்: இல்லை, வெட்டு சரிதான். தப்பாக இருந்தால் கதவே திறந்திருக்காது, இக்னிஷனும் திரும்பியிருக்காது. ஆனால் ஒரு கார் சாவிக்குள் மூன்று சாவிகள் இருக்கின்றன. உங்களுக்குக் கிடைத்தது அதில் ஒன்று மட்டும்.

முதலாவது, கண்ணுக்குத் தெரியும் உலோகத் தகடு. இரண்டாவது, பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி அளவில் ஒளிந்திருக்கும் சிப். இதற்கு பேட்டரி கிடையாது. இக்னிஷன் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கும். சாவியை நுழைத்ததும் அதிலிருந்தே சக்தியை வாங்கிக்கொண்டு சிப் தன் அடையாளத்தைச் சொல்லும். வண்டிக்கு அந்த அடையாளம் தெரிந்தால் இன்ஜின் ஓடும், தெரியாவிட்டால் எரிபொருளையோ ஸ்டார்ட்டரையோ நிறுத்திவிடும். இம்மொபிலைசர் என்பது இதுதான். ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்து புதிய கார்களுக்கு இது கட்டாயம். மூன்றாவது, பட்டன் உள்ள ரிமோட். பேட்டரியில் ஓடுவது, கதவுப் பூட்டோடும் அலாரத்தோடும் பேசுவது. இதற்கும் சிப்புக்கும் சம்பந்தமில்லை. ரிமோட்டின் பேட்டரி தீர்ந்துபோனாலும் வண்டி ஸ்டார்ட் ஆவது அதனால்தான்.

இப்போது உங்கள் அலாரம். பழைய ரிமோட்டால் பூட்டும்போது அலாரம் காவலுக்கு உட்கார்ந்துவிடுகிறது. பிறகு வெறும் உலோகச் சாவியால் திறந்தால், பல கார்களுக்கு அது திருடன் பூட்டை நெம்பித் திறந்ததற்குச் சமம். தெரிந்த சிப் உள்ள சாவியை இக்னிஷனில் போட்டுத் திருப்பினால் இதே கார்களில் பெரும்பாலானவை அடங்கிவிடும். ஆக, உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் சிப் இல்லாததாகவே இருக்கலாம்.

ஆனால் ஒன்றை முதலில் பாருங்கள். உங்கள் ரிமோட் சாவியின் தலையோடு சேர்ந்து கார் கம்பெனி முத்திரையோடு இருக்கிறதா, அல்லது வளையத்தில் தனியாகத் தொங்குகிறதா? தனியாகத் தொங்கினால், அலாரம் பெரும்பாலும் பிறகு வெளியில் மாட்டியது. அப்படியானால் வேலை இரண்டு: காருக்குச் சிப் சாவி, அலாரத்துக்கு ரிமோட். டீலரிடம் போனால் முதல் வேலையை மட்டும் முடித்துக் கொடுப்பார்கள், அலாரம் வழக்கம்போல அலறும். வெளி அலாரத்துக்கு ரிமோட் வாங்கும்போது உருவத்தை நம்பாதீர்கள். ஒரே மாதிரி பிளாஸ்டிக் கூட்டுக்குள் வேறு வேறு சர்க்யூட் பலகைகள் வருகின்றன. பின்பக்கத்திலோ உள்ளேயோ உள்ள மாடல் எண்ணும் அலைவரிசையும் (பெரும்பாலும் 315 அல்லது 433.92 மெகாஹெர்ட்ஸ்) பொருந்த வேண்டும். பொருந்தினால், டாஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கும் சிறு பட்டனையும் இக்னிஷனையும் குறிப்பிட்ட வரிசையில் இயக்கிப் புது ரிமோட்டை அதற்கு அறிமுகம் செய்யலாம். வரிசை அலாரத்துக்கு அலாரம் மாறும், அதன் கையேட்டில் இருக்கும்.

கம்பெனி அலாரம்தான் என்றால் டீலரிடமோ, புரோகிராமிங் கருவி வைத்திருக்கும் சாவிக் கடைக்காரரிடமோ போகலாம். இருவரும் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான்: ஸ்டியரிங்குக்கு அடியில், வண்டியின் கணினியோடு பேசுவதற்காக உள்ள ஓபிடி சாக்கெட்டில் கருவியைச் செருகி, புதுச் சாவியை வண்டியின் நினைவில் ஏற்றுவது. கடைக்காரரிடம் போனால், "குளோன் செய்கிறீர்களா, புரோகிராம் செய்கிறீர்களா?" என்று கேளுங்கள். குளோன் என்றால் பழைய சிப்பின் நகல். வண்டி இரண்டையும் ஒரே சாவியாகவே நினைக்கும். ஸ்டார்ட் ஆகும், சரி. ஆனால் நாளைக்கு ஒன்று தொலைந்து அதை மட்டும் நீக்கச் சொன்னால் மற்றதும் செத்துவிடும். புரோகிராம் செய்தால் புதுச் சாவிக்குத் தனி அடையாளம் கிடைக்கும். நான் அதைத்தான் வாங்குவேன். ரிமோட் பட்டனை நகலெடுத்துத் தருவதாக யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். இன்றைய ரிமோட்டுகள் ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். நேற்றைய குறியீட்டைப் பிடித்து வைத்து ஒரு பயனும் இல்லை.

போகும்போது இருக்கிற எல்லாச் சாவிகளையும் கொண்டு போங்கள். சில கார்களில் புதியதை ஏற்றும்போது பழையவை அழிந்துவிடும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திரும்ப ஏற்ற வேண்டும். நீங்கள் பழைய கார் வாங்கியவர், உங்களுக்கு இது உண்மையில் நல்லது. முந்தைய உரிமையாளரிடமோ அவருடைய உறவினரிடமோ இன்னொரு சாவி கிடந்தால் அதை வைத்து இனி வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாது. "நினைவில் எத்தனை சாவி இருக்கிறது?" என்று கேட்டால் பல கார்களில் கருவியே எண்ணிக்கையைக் காட்டும். கார் பேட்டரி பலவீனமாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பாதியில் மின்சாரம் விழுந்தால் தலைவலி. உரிமைப் பத்திரமும் கையில் இருக்கட்டும். நல்ல கடைக்காரர் அதைக் கேட்பார். கேட்காதவரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய சாவிகள் வேண்டாம். பல சிப்கள் முதல் காரோடு கட்டிப்போடப்பட்டவை, இன்னொன்றுக்கு மாறாது.

பட்டனோடு வாங்குவதா, சிப் மட்டுமா? தினமும் இன்னொருவர் ஓட்டுவார் என்றால் பட்டனோடு. அலமாரியில் கிடக்கப்போகும் அவசரச் சாவி என்றால் சிப் மட்டும் போதும். தீர்ந்துபோக பேட்டரியே இல்லை. திறக்கும்போது சில விநாடி அலறல் வரலாம், இக்னிஷனைத் திருப்பியதும் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சாவியாவது வேலை செய்யும் இப்போதே இதை முடித்துவிடுங்கள். இருக்கிற ஒன்றும் தொலைந்தால் வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டி வரலாம், வேலையும் செலவும் பல மடங்காகும்.

காசு கொடுப்பதற்கு முன் அங்கேயே சோதியுங்கள். பழைய சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அதே வளையத்தில் தொங்கினால் அதன் சிப்பே இன்ஜினை ஓட வைத்து உங்களை ஏமாற்றிவிடும். அவரையே ரிமோட்டால் பூட்டச் சொல்லி, அரை நிமிடம் காத்திருந்து, புதுச் சாவியால் திறந்து, ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடமாவது ஓட விடுங்கள். டிக்கியையும் மறக்காமல் திறந்து பாருங்கள்.