எலும்பு பவுடர் வைத்த மூன்றாம் நாள்: வாயில் துகள்கள் வந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரை நோய் உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்த இடத்தில், பிறகு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) பொருத்துவதற்காக எலும்பு பவுடர் வைத்துத் தைத்திருக்கிறார்கள். இன்று மூன்றாம் நாள். கன்னம் நேற்றைவிடக் கூடுதலாக வீங்கியிருக்கிறது. காலையில் வாயில் மணல் மாதிரி நாலைந்து துகள்கள் தட்டுப்பட்டதாம். வைத்தது கழன்றுவிட்டதா? சாப்பாடு, வாய் சுத்தம் எல்லாம் எப்படி? (வாசகி, ஈரோடு)

பதில்: நாலைந்து துகள்கள் வந்ததற்காகப் பயப்பட வேண்டாம். மேலாக இருக்கும் துகள்களில் சில, முதல் சில நாட்கள் எச்சிலோடு வருவது சகஜம். துகள்கள் தினமும் நிறையக் கொட்டினாலோ, தையல் அவிழ்ந்து பள்ளம் திறந்து தெரிந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வீக்கமும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். நாளை, நாளை மறுநாள் வடிய ஆரம்பிக்க வேண்டும். ஐஸ் ஒத்தடத்துக்கான நேரம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இனி வெளிக்கன்னத்தில் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம். இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்கட்டும்.

வைத்த பவுடர் இன்றே எலும்பாகிவிடுவதில்லை. பாகற்கொடிக்குப் போடும் பந்தல் மாதிரி அது. அதற்குள் ரத்தம் உறைந்து, நுண்ணிய ரத்தக் குழாய்கள் புகுந்து, அம்மாவின் சொந்த எலும்புச் செல்கள் பற்றிப் படர வேண்டும். இம்ப்ளான்ட் தாங்கும் அளவுக்கு இறுகப் பெரும்பாலும் 4 முதல் 6 மாதம் ஆகும். அதில் முதல் இரண்டு வாரம் பந்தல் ஆடவே கூடாது.

ஆகவே வாயைப் பலமாகக் கொப்பளிப்பது, காறித் துப்புவது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது மூன்றும் வேண்டாம். இளநீரையும் டம்ளரில் ஊற்றியே கொடுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புக் கரைத்து, சாப்பிட்ட பிறகு வாயில் வைத்து, தலையை மெல்லச் சாய்த்து, தானாக வழிய விடச் சொல்லுங்கள். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்திருந்தால் அதற்கும் இதே முறைதான். மற்ற பற்களைக் கட்டாயம் துலக்க வேண்டும். தையல் பக்கம் மட்டும் மருத்துவர் சொல்லும்வரை பிரஷ் போகக் கூடாது. எண்ணெய்க் கொப்பளிப்பு, கிராம்பு எண்ணெய், மஞ்சள் பற்று எதுவும் புண்ணில் வேண்டாம். நாக்கால் தடவிப் பார்க்கும் ஆசைதான் அடக்கக் கடினமானது. அதை அம்மாவுக்கு நினைவூட்டிக்கொண்டே இருங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது சாப்பாட்டையும் சர்க்கரையையும் பற்றித்தான். மென்மையான சாப்பாடு என்றதும் நம் வீடுகளில் அரிசிக் கஞ்சி, ஜூஸ், சர்க்கரை போட்ட பால் என்று ஆரம்பித்துவிடுகிறோம். சர்க்கரை ஏறினால் புண் ஆறத் தாமதமாகும், கிருமித் தொற்றும் எளிதில் வரும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: மெல்ல முடியாமல் பாதிச் சாப்பாட்டோடு நிறுத்திவிட்டு, மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கமான அளவில் எடுத்தால் சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தெரிந்தால் உடனே குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுங்கள். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இந்த ஒரு வாரம் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பாருங்கள். சாப்பாடு குறைந்திருப்பதைச் சர்க்கரை மருத்துவருக்கு இன்றே போன் செய்து சொல்லி, மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறின சாம்பாரில் ஊறிய இட்லி, பருப்பு மசியல், மசித்த அவித்த முட்டை, காய்கறி சேர்த்துக் குழைத்த சாதம், மோர் எல்லாம் நல்லவை. தயிர் சாதத்தைத் தாளிக்காமல் கொடுங்கள். கடுகும் மிளகாய் விதையும் தையலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். எதையும் மறுபக்கமே மெல்ல வேண்டும். சூடும் காரமும் குறையட்டும். முறுக்கு, கடலை, பொரி இப்போதைக்கு வேண்டாம்.

வெற்றிலை பாக்கோ புகையிலையோ பழக்கமிருந்தால், இம்ப்ளான்ட் வேலை முழுக்க முடியும்வரையாவது நிறுத்தியே ஆக வேண்டும். நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, புது எலும்புக்கு வர வேண்டிய ரத்தத்தைக் குறைத்துவிடும். கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால், அது அந்த இடத்தில் அழுத்தாதபடி மருத்துவர் சரிசெய்து கொடுக்கும்வரை போட வேண்டாம்.

ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் வலி போனதும் பாதியில் நிறுத்தக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வேறு வலி மாத்திரை வாங்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்துக்குச் சில வலி மாத்திரைகள் ஆகாது. இதயத்துக்காக ஆஸ்பிரின் போன்றவை எடுத்துக்கொண்டிருந்தால் அவற்றை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

நாளைக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போனால், 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், சீழோ கெட்ட நாற்றமோ வந்தால், குறைந்த வலி திரும்பக் கூடினால், அல்லது கீழுதடும் தாடையும் இன்னும் மரத்தே இருந்தால் உங்கள் பல் மருத்துவரை அன்றே பாருங்கள். ரத்தம் கசிந்தால் சுத்தமான காஸ் துணியை மடித்து வைத்து அரை மணி நேரம் விடாமல் கடிக்கச் சொல்லுங்கள்; அப்படியும் நிற்காவிட்டால் உடனே புறப்படுங்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமப்பட்டாலோ பல் கிளினிக் திறக்கக் காத்திருக்காமல், இரவானாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 108-ஐக் கூப்பிடலாம்.