புராஸ்டேட் பயாப்சியில் புற்றுநோய் இல்லை என்று வந்தபிறகும் அதே திசுவில் மரபணுச் சோதனை எதற்கு?

பயாப்சியில் வழக்கமாக 12 ஊசித் துணுக்குகள்தான் எடுப்பார்கள். மொத்தச் சுரப்பியில் அது மிகச் சிறிய பங்கு. கட்டி ஊசிக்குத் தப்பிவிடலாம். ஆனால் கட்டியைச் சுற்றியுள்ள திசு, மைக்ராஸ்கோப்பில் சாதாரணமாகத் தெரிந்தாலும், உள்ளுக்குள் மாறியிருக்கக்கூடும். முக்கியமாக ஜிஎஸ்டிபி1 மரபணு. செல்லுக்குள் வரும் நச்சுகளை முறிக்கும் நொதி ஒன்றை உருவாக்குவது இதன் வேலை. இதன் தொடக்கப் பகுதியில் மீதைல் குழுக்கள் என்ற சிறு வேதிக்கூறுகள் ஒட்டிக்கொண்டால் மரபணு அடங்கிப்போகும். மரபணுவின் எழுத்து மாறாது, அதற்குப் பூட்டு விழும், அவ்வளவுதான். அந்தப் பூட்டு கட்டிக்கு அருகிலுள்ள திசுவிலும் சில சமயம் தென்படுகிறது. வாய்ப்புற்றுநோயில் இப்படியொரு ‘கள விளைவை’ 1953-லேயே ஸ்லாட்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர் பேசியிருக்கிறார்கள்.

சரி, இந்தப் பூட்டு, அதாவது மீதைலேற்றம், தெரிந்தால் புற்றுநோய் உறுதியா? இல்லை. மறுபடி பயாப்சி தேவையா என்று முடிவெடுக்க அது ஒரு துப்பு. பிஎஸ்ஏ (புராஸ்டேட் புரதத்தை அளக்கும் இரத்தச் சோதனை), எம்ஆர்ஐ முடிவுகளோடு சேர்த்துத்தான் டாக்டர் அதைப் பார்ப்பார்.