திட்டலாம், விவரம் எழுதலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

இலங்கையில் ஊடகங்கள் மீது இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு உடன்பாடில்லை. ஆட்களை வெள்ளை வானில் கடத்திய காலத்தில் நான் சின்னப் பிள்ளை, வீட்டில் பயந்து பேசியது நினைவிருக்கிறது. இப்போது அப்படி ஒன்றும் இல்லையே. யூடியூபில் தினமும் யாராவது ஜனாதிபதியைத் திட்டுகிறார்கள், மறுநாளும் வந்து திட்டுகிறார்கள். இன்னும் 'அழுத்தம்' என்று எழுதுவது பழைய பயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் தெரிகிறது. அப்புறம், லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் அரசாங்கத்தின் கையில் இருப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

இன்றைய நிலை 2009 மாதிரி இல்லை என்பது உண்மை. இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் அது அன்று செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் ஜனாதிபதியைத் திட்ட முடிகிறதா என்பதை நீங்கள் அளவுகோலாக வைத்திருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கொல்லப்பட்டவர்கள் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். யாழ்ப்பாண நிருபர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் தேர்தலில் அங்கே நடந்த முறைகேடுகளைச் செய்தியாக்கினார். அதே மாதம் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரத்தில், வீட்டுக்கே வந்து சுட்டார்கள். ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க, மிக் போர் விமானக் கொள்வனவு பற்றிய முறைகேட்டுப் புகார்களைத் தோண்டியவர். 2009 ஜனவரி 8ஆம் திகதி காலை வேலைக்குப் போகும் வழியில் தாக்கப்பட்டு இறந்தார். தராக்கி என்ற பெயரில் எழுதிய சிவராமை 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டி பொலிஸ் நிலையத்துக்கு எதிரே வைத்துக் கடத்தினார்கள். மறுநாள் பாராளுமன்றத்துக்குக் கிட்ட சடலம் கிடந்தது. அவரைக் கடத்திய இடம், காலி வீதியில் பஸ்ஸில் போகும்போது நீங்கள் தாண்டிப் போகிற இடம்தான். பத்திரிகையாளர் திஸ்ஸநாயகம் உயிர் தப்பினார். ஆனால் போர்க்காலத்தில் கிழக்கில் மக்கள் பட்ட பாட்டை எழுதியதற்காக, 2009 ஓகஸ்ட் 31இல், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவருக்கு 20 வருடக் கடூழியச் சிறை விதித்தார்கள். பிறகு வந்தது மன்னிப்பு.

இவர்களில் யாரும் வெறுமனே திட்டியவர்கள் இல்லை. எழுதியதெல்லாம் பெயர், இடம், திகதி, தொகை. அதிகாரத்துக்குப் பொறுக்காதது அதுதான். திட்டை அது தாங்கிக்கொள்ளும், சில நேரம் அதனால் லாபமும் அடையும்.

சரி, அதெல்லாம் பழைய கதை என்பீர்கள். தண்டனை கிடைத்திருந்தால் பழைய கதைதான். நிமலராஜன் வழக்கில் சந்தேக நபர்களை விடுவிக்கும்படி 2021இல் சட்டமா அதிபர் தரப்பு சொன்னது. அடுத்த வருடம் அதே கொலை தொடர்பாக ஒருவரைக் கைது செய்தது பிரித்தானியப் பொலிஸ். லசந்த வழக்கில் 2025 தொடக்கத்தில் மூன்று பேரை விடுவிக்கச் சட்டமா அதிபர் எழுதிய கடிதம், எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் நிறுத்தப்பட்டது. கொழும்பில் பிரபலமான ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியருக்கே இந்தக் கதி என்றால், கிளிநொச்சியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ செய்தி அனுப்புகிற பிள்ளை என்ன நினைக்கும்? அந்தப் பிள்ளைக்குப் பல இடங்களில் மாதச் சம்பளம்கூட இல்லை, செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. எந்த இராணுவ முகாம் யாருடைய காணியில் நிற்கிறது, மணல் யாருடைய லொறியில் போகிறது என்று எழுதினால் பொலிஸிடமிருந்து ஒரு விசாரணை அழைப்பு போதும். யாரும் கை வைக்க வேண்டியதில்லை. அடுத்த முறை செய்தி வந்தால் 'அக்கா, என்ர பெயர் போடாதேங்கோ' என்ற வேண்டுகோளும் சேர்ந்து வரும். அதற்கடுத்த முறை செய்தியே வராது. வராத செய்தியை எந்த ஊடகச் சுதந்திரச் சுட்டெண்ணில் எண்ணுவது? எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். நீங்கள் அமைதி என்று நினைப்பதில் ஒரு பங்கு இந்த வராத செய்திகள்.

சட்டங்களும் அப்படியே இருக்கின்றன. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. 2024 ஜனவரியில் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தில் வருவதில் எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. இன்றைய ஆட்சியாளர் அதைப் பயன்படுத்த மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். நாளை வருகிறவர்?

நல்லதும் நடந்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். குற்றவியல் அவதூறுச் சட்டத்தை 2002இல் நீக்கினார்கள். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்மையிலேயே பலமான ஆயுதம். ஊர் நிருபர்கள் அதை வைத்துப் பிரதேச சபைக் கணக்குகளை வெளியே கொண்டுவந்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். காணி பற்றிக் கேட்கும்போது மட்டும் 'தேசிய பாதுகாப்பு' என்ற விதிவிலக்கு குறுக்கே வந்து நிற்கலாம்.

லேக் ஹவுஸ் பற்றிக் கேட்டீர்கள். 1973இல் சிறிமாவோ அரசாங்கம் சட்டம் போட்டு எடுத்த நிறுவனம் அது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது அதைக் கண்டித்தவர்களும் ஆட்சிக்கு வந்ததும் தங்கள் ஆளைத் தலைவராகப் போட்டார்கள். அதன் தமிழ் நாளிதழான தினகரனில் நல்ல செய்தியாளர்கள் இருக்கிறார்கள், இருந்திருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது அந்த நியமனம் அரசியல்வாதிகளின் கையை விட்டுப் போக வேண்டும். பாராளுமன்றத்துக்குப் பொறுப்புச் சொல்லும் ஒரு சுயாதீன சபை ஆசிரியர்களைத் தெரிவு செய்யலாம். இதற்குப் புது ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, ஒரு சட்டத் திருத்தம் போதும்.

அன்புடன்,
அக்கா