மழைமானிக்குப் பக்கத்தில் தொடங்க வேண்டிய பயிற்சி

கேள்வி: நீர் மேலாண்மைப் பிரிவில் பயிற்சிப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மழைமானி பார்ப்பவர்கள், மதகு இயக்குபவர்கள், இளநிலைப் பொறியாளர்கள் என 14 பேர். மழை அளவீடும் நீர்வானிலையியலும் (வானிலைக்கும் நிலத்து நீருக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய படிப்பு) கற்றுத்தர ஐந்து நாள் தந்திருக்கிறார்கள். தானியங்கி மழைமானிகளும் வரவிருக்கின்றன. எதில் தொடங்குவது? எதை விட்டுவிடலாம்?

பதில்: முதல் இரண்டு நாளும் வகுப்பறையை மறந்துவிடுங்கள். மழைமானி நிற்கும் இடத்துக்கே அனைவரையும் அழைத்துப் போங்கள். நீர்ச் சுழற்சிப் படத்தோடு தொடங்கும் பயிற்சிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மேகமும் கடலும் பணியாளர்களுக்குத் தெரிந்தவைதான். காலையில் பதிவேட்டில் எழுதிய எண் மாலைக்குள் யார் கைக்குப் போய் எந்த மதகைத் திறக்கிறது என்பதைத்தான் அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஐந்து நாளும் அந்த எண்ணின் பின்னாலேயே நடக்கட்டும்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். இதைச் சொல்லிவிட்டு நேரே கைவேலைக்கு வாருங்கள். மழைமானியின் வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், 20 மில்லிலிட்டர் நீர் ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். சிரிஞ்சால் 86 மில்லிலிட்டர் அளந்து, எவ்வளவு என்று சொல்லாமல், சேகரிப்புப் புட்டியில் விடுங்கள். ஒவ்வொருவரும் மில்லிமீட்டர் குறியிட்ட அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்து, அடுத்தவருக்குக் காட்டாமல் சீட்டில் எழுதட்டும். சரியான விடை 4.3 மில்லிமீட்டர். சீட்டுகளைப் பிரித்தால் 4.1 இருக்கும், 4.5 இருக்கும், வெறும் 4 கூட இருக்கும். ஒருவர் மேலிருந்து குனிந்து பார்த்திருப்பார். இன்னொருவர் குடுவையைச் சாய்த்துப் பிடித்திருப்பார். வேறொருவர் நீர்ப்பரப்பின் வளைவில் அடிப்பகுதியைப் பார்க்காமல், கண்ணாடிச் சுவரில் ஏறி நிற்கும் விளிம்பைப் படித்திருப்பார். பிறகு அதே 86 மில்லிலிட்டரைக் காய்ந்த புனல் வழியாக ஊற்றச் சொல்லுங்கள். புனலில் ஒட்டிய துளிகள் அளவில் வராமல் போவதை அவர்களே பார்ப்பார்கள்.

குடுவை மாறிப்போவது இன்னும் மோசம். 200 சதுர சென்டிமீட்டர் வாய்க்கான குடுவையை 100 சதுர சென்டிமீட்டர் மழைமானிக்குப் பயன்படுத்தினால், பெய்த மழையில் பாதிதான் பதிவேட்டுக்கு வரும். எண் பார்க்க இயல்பாகத்தான் இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. எந்தக் குடுவை எந்த மழைமானிக்கு என்பதை அன்றே எழுதி ஒட்டச் செய்யுங்கள்.

இரண்டாம் நாளில் பாதியைப் பதிவேட்டுக்கே கொடுத்துவிடலாம். மழை இல்லை என்றால் 0.0. அளக்க முடியாத தூறல் என்றால் அதற்குரிய குறி. பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எழுத வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாக்குவதைப் போன்ற கேடு வேறில்லை. ஒருமுறை பழைய பதிவேடு ஒன்றைச் சரிபார்த்தபோது, சுற்றிலும் இருந்த நிலையங்களில் பலத்த மழை பதிவான நாளில் அங்கே மட்டும் பூஜ்ஜியம் இருந்தது. பார்ப்பவர் அன்று விடுப்பு; கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று மறுநாள் பூஜ்ஜியம் போட்டிருக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். காலிக் கட்டத்துக்கு மெமோ கொடுக்கும் அலுவலகம் பொய்ப் பூஜ்ஜியத்தைத்தான் சம்பாதிக்கும். இதை உங்கள் மேலதிகாரிகளிடமும் சொல்லுங்கள். இரண்டு நாள் மழை சேர்த்து அளக்கப்பட்டால் நாளுக்குப் பாதியாகப் பிரிக்காமல், கூட்டு அளவு என்று குறித்து, எந்த நாட்களுக்கு உரியது என்றும் எழுதச் சொல்லுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை ஒரு விதி போதும்: மரமோ சுவரோ மழைமானியின் விளிம்புக்கு மேல் எவ்வளவு உயர்கிறதோ, அதன் இரு மடங்கு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும், நான்கு மடங்கு என்றால் நல்லது. அதற்காக வெட்டவெளியில் வைத்துவிட்டாலும் ஆகாது. காற்று மட்டுமே மழை அளவில் 2 முதல் 10 சதவீதத்தைத் தட்டிப் பறித்துவிடும்.

மூன்றாம் நாள் தானியங்கிக் கருவிக்கு. அது வந்தால் ஆள் வேலை குறையும் என்று நினைப்பது தவறு. வேலை மாறும், அவ்வளவுதான். உள்ளே இரண்டு சிறு வாளிகள் மாறி மாறிச் சாய்கின்றன. ஒரு சாய்வுக்கு 0.2 மில்லிமீட்டர், வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், 400 மில்லிலிட்டர் நீருக்கு 100 சாய்வு வர வேண்டும். அடியில் ஊசித் துளையிட்ட புட்டியிலிருந்து ஒரு மணி நேரம் சொட்டவிட்டு எண்ணச் சொல்லுங்கள். பிறகு அதே நீரை ஐந்து நிமிடத்தில் விடுங்கள். இந்தப் பிழையைத் தானே சரிசெய்துகொள்ளும் உள்திருத்தம் இல்லாத கருவியில் எண்ணிக்கை குறையும். வாளி சாயும் கணத்தில் நீர் தவறிவிடுகிறது. வெள்ளம் வரும் நாளில்தான் கருவி குறைத்துச் சொல்லும் என்பது அப்போது மனத்தில் பதியும். புனல் அடைத்துக்கொண்டாலும் கண்டுபிடிக்கலாம்: மழை விட்ட பிறகும் மணிக்கணக்கில் ஒரே சீராகத் தூறல் பதிவாகிக்கொண்டிருக்கும். பழைய மழைமானியை எடுத்துவிடாதீர்கள், பக்கத்திலேயே இருக்கட்டும்.

நான்காம் நாள் வகுப்பறை. மூன்று நிலையங்களில் 60, 20, 10 மில்லிமீட்டர் மழை என்று வையுங்கள். சாதாரணச் சராசரி 30. ஆல்ஃபிரட் தீசன் 1911இல் முன்வைத்த பலகோண முறைப்படி (ஒவ்வொரு இடத்தையும் அதற்கு மிக அருகிலுள்ள நிலையத்தோடு சேர்ப்பது) நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பிரித்தபோது அவற்றின் பங்கு முறையே 10, 30, 60 சதவீதம் என்று வந்தால், பரப்பின் சராசரி 18தான். பத்து சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்த வித்தியாசம் 1,20,000 கன மீட்டர் நீர். அளவுகோலும் கட்டத்தாளும் கொடுத்து அவர்கள் கையாலேயே வரையச் செய்யுங்கள். அடுத்து, அந்த 18 மில்லிமீட்டர் வறண்ட மண்ணில் விழுந்தால் என்ன ஆகும், நான்கு நாள் ஊறிய மண்ணில் விழுந்தால் என்ன ஆகும், ஒரு மணி நேரத்தில் விழுந்தால் என்ன, ஒரு நாள் முழுக்கப் பெய்தால் என்ன என்று கேளுங்கள். இங்கே மதகு இயக்குபவர்கள் பேசட்டும். மழை பெய்து எத்தனை மணி நேரத்தில் நீர் வந்து சேரும் என்பதை அவர்கள் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறார்கள். பொறியாளர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

வளிமண்டல வெப்ப இயக்கவியலையும் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எவ்வளவு பெரிய வெள்ளம் வரலாம் என்ற மீள்வருகைக் கணக்கையும் இந்த முறை விட்டுவிடுங்கள். அவை பொறியாளர்களுக்கான தனி வகுப்பில் வரலாம். ஐந்தாம் நாள் அவரவர் நிலையத்தின் கடந்த ஆண்டுப் பதிவேட்டைக் கொண்டுவரச் செய்து, பக்கத்து நிலையங்களோடு நாள்வாரியாக ஒப்பிட வையுங்கள்.

எழுத்துத் தேர்வு வேண்டாம். மூன்று மாதம் கழித்து, சிரிஞ்சோடு ஒவ்வொரு நிலையத்துக்கும் நீங்களே போய் வாருங்கள். பதிவேட்டில் எண்கள், குத்துமதிப்பாக எழுதியதுபோல், 5இலும் 0இலும் மட்டும் முடிகின்றனவா, ‘பார்க்கவில்லை’ என்று யாராவது துணிந்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி எழுதியவர் இருந்தால் அங்கேயே, அனைவர் முன்னிலையிலும் பாராட்டிவிட்டு வாருங்கள்.