கடல்நாயை எங்கே வைத்து அறுப்பது? – கடிதம்

வணக்கம் சார்,

வடதுருவப் பகுதி ஊர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு மாணவி. பனியால் கட்டும் இக்ளூ வீட்டின் குவிமாட வடிவம் காற்றுக்கும் குளிருக்கும் மிகப் பொருத்தமானது என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். அப்படியானால் இன்றைக்கு வடதுருவப் பழங்குடிகளான இனுயிட் மக்களுக்குக் கட்டும் வீடுகள் ஏன் சாதாரணப் பெட்டி வீடுகளாக இருக்கின்றன? புதிய பொருட்களைக் கொண்டு இக்ளூ வடிவிலேயே கட்டினால் மரபும் நிற்கும், எரிபொருளும் மிச்சமாகும் அல்லவா? என் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இதையே எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

கே

அன்புள்ள கே,

திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குவிமாடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழியில் இக்ளு என்றால் வீடு, அவ்வளவுதான். பலகை வீடும் இக்ளுதான். பனிவீட்டுக்கு இக்லுவிஜக் என்று தனிப்பெயர் உண்டு. அது குளிர்காலத்துக்கு, அல்லது வேட்டைக்குப் போன இடத்தில் இரவு தங்க. கோடையில் டுபிக் என்னும் தோல் கூடாரம். சில இடங்களில் கல், திமிங்கில எலும்பு, புல்மண் சேர்த்துக் கட்டிய கர்மக். பருவம் மாறினால் வீடும் மாறும். 1950, 60களில் கனடா அரசு அவர்களை நிலையான ஊர்களில் குடியமர்த்தியபோது நின்றுபோனது இந்த ஏற்பாடுதான். தெற்கிலிருந்து வந்த சின்னப் பலகை வீடுகளுக்குத் 'தீப்பெட்டி' என்றே பெயர் விழுந்தது.

இறுகிய பனிப்பாளம் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. சுழல்போல் அடுக்கினால் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். குவிமாடம் வந்தது அதனால். ப்ளைவுட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கனடாவின் வடக்கே இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட்டின் 25 ஊர்களுக்கு இடையே சாலை கிடையாது. கட்டுமானச் சாமான் எல்லாம் கடல் உருகும் கோடையில் வரும் கப்பலில்தான் வரவேண்டும். ஏதாவது விட்டுப்போனால் விமானத்தில் யானை விலை, இல்லையென்றால் அடுத்த வருஷம். அப்படி வந்த நேர்ப்பலகையை வளைவுக்காக வெட்டி வெட்டி வீணாக்க யாருக்கு மனசு வரும்? இக்ளூ வடிவில் தேவாலயம் கட்டியிருக்கிறார்கள்: கனடாவின் வடக்கே இனுவிக் என்ற ஊரில் 1960இல், நுனாவுட்டின் தலைநகர் இக்காலுயிட்டில் 1972இல். பின்னது 2005இல் எரிந்து, அதே வடிவில் எழுந்து 2012இல் திறக்கப்பட்டது. பார்க்க அழகு. பீரோவை எந்தச் சுவரோடு ஒட்டிப் போடுவது என்ற கவலை தேவாலயத்துக்கு இல்லை.

பனிவீட்டில் நீங்கள் படிக்கவேண்டியது அதன் வாசல். நுழையும் சுரங்கம் உள்தளத்தைவிடத் தாழ்வாக இருக்கும். குளிர்காற்று கனமானது, அங்கேயே தங்கிவிடும். படுக்கும் மேடை உயரத்தில்; கடல்நாய் (சீல்) கொழுப்பு எரியும் குல்லிக் விளக்கின் சூடு அங்கே தேங்கும். அதே சுரங்கத்தில்தான் இறைச்சி இருக்கும், உடுப்பில் ஒட்டிய பனியைத் தட்டுவதும் அங்கேதான். வெளிக்குளிருக்கும் உள்சூட்டுக்கும் நடுவே ஒரு கதவு மட்டும் இருக்கவில்லை, படிப்படியாக ஒரு வழி இருந்தது. பெட்டி வீட்டில் தொலைந்தது அதுதான்.

கிரீன்லாந்தின் தலைநகர் நூக்கில் பிளாக் பி (Blok P) என்று ஒரு குடியிருப்பு இருந்தது. 1960களின் நடுவில், கிரீன்லாந்தை ஆண்ட டென்மார்க் கட்டியது. ஐந்து மாடி, 320 வீடுகள். ஒரு காலத்தில் கிரீன்லாந்து மக்களில் நூற்றுக்கு ஒருவர் அந்த ஒரே கட்டடத்தில் இருந்தார். கதவுகள் டென்மார்க் அளவில் இருந்ததால், தடித்த குளிருடுப்போடு நுழைவதே பாடாக இருந்தது. வேட்டைச் சாமானை வைக்க இடமில்லாமல் பால்கனியில் தொங்கவிட்டார்கள். பிடித்து வந்ததை அறுக்க வேறு தோதான இடம் இல்லாததால் குளியல்தொட்டியில் அறுத்தார்கள், ரத்தம் உறைந்து சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டது. 2012இல் இடித்துவிட்டார்கள். குளிரைத் தாங்காமல் அது விழவில்லை என்பதைக் கவனியுங்கள். தட்பவெப்பக் கணக்கில் அது தேறிய கட்டடம்தான், கடல்நாயை எங்கே வைத்து அறுப்பார்கள் என்று கேட்காததுதான் குறை.

இன்றும் பல வீடுகளில் தரையில் அட்டையை விரித்து, இறைச்சியை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து உலு என்னும் பிறைக்கத்தியால் அறுத்துச் சாப்பிடுகிறார்கள். இடுப்புயர மேடையும் சோபா செட்டும் இதற்கு உதவாது. கனடாவின் கியூபெக் மாகாண வீட்டுவசதி நிறுவனம் 2012இல், அந்த மாகாணத்தின் வடகோடியில் இனுயிட் வாழும் நுனாவிக் பகுதி மக்களைக் கூட்டிவைத்துப் பேசி, பிறகு க்வாக்டாக் என்ற ஊரில் இரண்டு குடும்பங்களுக்கான ஒட்டு வீடு ஒன்றை முன்மாதிரியாகக் கட்டியது. குளிர் முன்னறை ஒன்று, சூடான முன்னறை ஒன்று என்று வாசலைப் பிரித்தார்கள். எனக்கு அதில் பழைய சுரங்கம் தெரிகிறது.

மண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். கீழே இருப்பது ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் பெர்மாஃப்ராஸ்ட். வீட்டின் சூடு இறங்கினால் அது இளகி வீடு ஒருபக்கம் அமுங்கும். அதனால் வீட்டை இரும்புக் கால்களில் தூக்கி வைக்கிறார்கள். அடியில் காற்று ஓடி மண்ணைக் குளிராக வைக்கும், பனிக்குவியலையும் ஓரளவு அடித்துக்கொண்டு போகும். பெரிய கட்டடங்களுக்கு, மண்ணின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மோசைஃபன். எனக்கு மிகவும் பிடித்த கருவி அது. மூடிய குழாயில், அழுத்தத்தில் பாதி திரவமாகிக் கிடக்கும் கரியமில வாயு. குளிர்காலத்தில் மண்ணின் சூட்டில் திரவம் ஆவியாகி மேலே போகும், வெளிக்காற்றில் குளிர்ந்து மறுபடி திரவமாகிக் கீழே வழியும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. கோடையில் தானாகவே ஓய்ந்துவிடும். மின்சாரம் முழுக்க டீசலில் வரும் ஊர்களுக்கு இது வரம்.

ஆனால் இதெல்லாம் மண் உறைந்தே இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்தது. ஆர்க்டிக் உலக சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிறது. நுனாவிக்கின் சலூயிட்டில் 1998இல் மேல்மண் சரிந்து, புதிதாகக் கட்டிய வீடுகளையே இடம் மாற்றவேண்டி வந்தது. இப்போது பல இடங்களில் தாங்குசட்டத்தைத் திருகி மட்டம் சரிசெய்யக்கூடிய அடித்தளம் போடுகிறார்கள். நிலம் அசையும் என்று ஒப்புக்கொண்டுதான் இந்த அடித்தளம்.

அப்புறம், காற்றுப்புகாத வீடு கட்டுவதே லட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுப் பற்றாக்குறையால் ஒரே வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கியடித்து இருக்கிறது. மூச்சும் சமையலும் துவைத்த துணியும் சேர்ந்து சுவரில் பூஞ்சை பிடிக்கிறது. கனடாவில் பிறந்த, பழங்குடியினர் அல்லாதவர்களோடு ஒப்பிட்டால் இனுயிட் மக்களிடம் காசநோய் பல நூறு மடங்கு. காற்றை மாற்றும் எந்திரமோ கடுங்குளிரில் தானே உறைந்துபோகும். எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் இதற்குப் பதில் வேண்டும்.

வரைபடத்தை வாசலில் தொடங்குங்கள். ஸ்னோமொபைல் எங்கே நிற்கும், துப்பாக்கி எங்கே தொங்கும், நனைந்த காலணி எங்கே காயும், தோலை எந்தக் குளிரில் பதப்படுத்துவார்கள் என்று குறித்துவிட்டுப் பிறகு படுக்கையறைக்குப் போங்கள். கதவின் அகலத்துக்குப் பாடப்புத்தகத்தைப் பார்க்கவேண்டாம். பார்க்கா என்னும் தடித்த குளிருடுப்பு போட்ட இருவர் ஒரு கடல்நாயைத் தூக்கிக்கொண்டு நுழைய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. முடித்ததும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.