பால்வினை நோய்கள்: கேட்டவர்களுக்கு ஒரு தாதியின் பதில்கள்

கோலாலம்பூரில் அரசாங்க மருத்துவமனை ஒன்றின் பால்வினை நோய்ப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கேட்டவர்களின் பெயர் இல்லை, இடமும் வயதும் மட்டும். மருந்துப் பெயர்களைச் சொல்லியிருக்கிறேன். அவற்றை எழுதி எடுத்துக்கொண்டு ஃபார்மசிக்குப் போகாதீர்கள்.

பூச்சோங், பெண், 41: முன்னெல்லாம் எய்ட்ஸ் என்றால் போதை ஊசிக்காரர்களின் நோய் என்போம். இப்போது பாலியல் நோய்தான் கூடிவிட்டது என்கிறார்களே, உண்மையா அக்கா?

உண்மைதான். மலேசியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல். உச்சம் தொட்டது 2002-இல், அந்த ஒரு வருடத்தில் 6,978 புதிய நோயாளிகள். பெரும்பாலோர் ஒரே ஊசியைப் பகிர்ந்து போதை ஏற்றியவர்கள். 2005-இல் போதைக்கு மாற்றாகக் கொடுக்கும் மெதடோன் மருந்துச் சிகிச்சையும் அடுத்த வருடம் சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டமும் வந்தன. "அரசாங்கமே ஊசி கொடுக்கிறதா?" என்று அப்போது திட்டாத ஆளில்லை. தொற்றுநோய் நிபுணர் டாக்டர் அடிபா கமாருல்ஸமான் போன்றவர்கள் விடாமல் வாதாடினார்கள். ஊசி வழித் தொற்று மளமளவென்று இறங்கியது.

இப்போது வருடத்துக்கு மூவாயிரம் பேரை ஒட்டி வருகிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடலுறவு வழியாகத் தொற்றியது. இருபது, முப்பதுகளில் இருக்கும் ஆண்கள்தான் அதிகம், அதிலும் ஆணோடு ஆண் உறவில் தொற்றியவர்கள் பெரிய பங்கு. சிபிலிஸ், கொனோரியா என்ற மற்ற பால்வினை நோய்களும்கூட ஏறுகின்றன. அதிகம் பேர் சோதிக்கிறார்கள், அதனால் அதிகம் தெரிகிறது என்பது ஒரு காரணம். அது மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன். 2023 முதல் சில அரசாங்கக் கிளினிக்குகளில் கிடைக்கும் பிரெப் மாத்திரை எச்.ஐ.வி.யைத்தான் தடுக்கும், சிபிலிஸைத் தடுக்காது. மாத்திரை கிடைத்ததும் காண்டத்தை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செந்தூல், ஆண், 26: மூத்திரம் போனா எரியுது, மஞ்சளா ஒழுகுது. அம்மா உடம்புச் சூடுன்னு பார்லித் தண்ணி காய்ச்சித் தர்றாங்க. மூணு நாளாச்சு. ஃபார்மசில மாத்திரை வாங்கிப் போடலாமா?

அம்மா தருவதைக் குடியுங்கள் தம்பி, கெடுதல் இல்லை. ஆனால் சீழ் ஒழுகுவது சூட்டால் அல்ல. உறவு வைத்த இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் எரிச்சலும் உள்ளாடையில் மஞ்சள் கறையும் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கொனோரியா.

ஃபார்மசி வேண்டாம். பழைய மாத்திரைகள் பலவற்றுக்கு இந்தக் கிருமி இப்போது அசைவதில்லை. அரைகுறையாக விழுங்கினால் ஒழுகுவது குறையும், கிருமி உள்ளே இருக்கும். இதற்குச் சரியான மருந்து செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி ஒன்று. கூடவே கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்றும் இருப்பது சகஜம் என்பதால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் ஏழு நாளைக்குக் கொடுப்பார்கள்.

கிளினிக் போகும் முன் ஒரு மணி நேரமாவது மூத்திரம் போகாதீர்கள். முதலில் வரும் மூத்திரத்தில்தான் கிருமி தெரியும். இதைத் தெரியாமல் வாசலிலேயே டாய்லெட்டுக்குள் போய்விட்டு வந்து, மறுபடி காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். பதிவுக் கவுண்டரில் கதை முழுவதும் சொல்ல வேண்டாம். "கென்ச்சிங் சாக்கிட்" (மூத்திரம் போனால் வலி) என்று மலாயில் சொன்னால் போதும், மீதியை அறைக்குள் டாக்டரிடம் சொல்லுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஐசி (அடையாள அட்டை) இருந்தால் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்).

அதே தம்பி: கேர்ள்ஃபிரெண்டுக்கு ஒன்னுமே இல்லையே அக்கா, அவளையும் கூட்டிட்டுப் போகணுமா?

கட்டாயம். பெண்களில் பெரும்பாலோருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. எரிச்சல் இல்லை என்று விட்டால் கிருமி கர்ப்பப்பைக்கு ஏறலாம், கருக்குழாய் அடைபடலாம். பல வருடம் கழித்துக் குழந்தை தங்கவில்லை என்று கோயில் கோயிலாக அலையும்போது அடைப்புக்குக் காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நீங்கள் மட்டும் ஊசி போட்டுக்கொண்டால் அடுத்த வாரம் அவரிடமிருந்தே திரும்ப வாங்குவீர்கள். இருவரும் மருந்து முடித்து ஏழு நாள் ஆகும்வரை உறவு வேண்டாம்.

செராஸ், ஆண், 45: பொதுக் கழிப்பறையில் உட்கார்ந்து இந்த நோய் வருமா?

வராது. இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தவர்களிடம் நான் வாதாடியதில்லை, டாக்டரும் வாதாட மாட்டார். சோதனைக்கு வந்தார்களே, அது போதும்.

பிரிக்ஃபீல்ட்ஸ், ஆண், 34: போன வருஷம் சிபிலிஸுக்கு ஊசி போட்டேன். இப்ப இன்சூரன்ஸ் எடுக்க ரத்தம் பார்த்தா மறுபடி பாசிட்டிவ்னு வந்திருக்கு. சரியாகலையா?

பயப்படும் முன் ரிப்போர்ட்டில் எந்தச் சோதனை என்று பாருங்கள். டி.பி.எச்.ஏ. என்று இருந்தால், ஒருமுறை சிபிலிஸ் வந்தவருக்கு அது பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே காட்டும். குணமானதா என்று சொல்வது ஆர்.பி.ஆர். அல்லது வி.டி.ஆர்.எல். அளவு. சிகிச்சைக்கு முன் 1:32 என்று இருந்து இப்போது 1:8 அல்லது அதற்கும் கீழே இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. இறங்கிய எண் மறுபடி ஏறினால் புதிதாகத் தொற்றியிருக்கலாம், ஒருமுறை வந்தால் திரும்ப வராது என்று எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

ஊசி போட்ட தேதியும் ஆர்.பி.ஆர். எண்களும் உள்ள தாளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அது இல்லாமல் வேறு டாக்டரிடம் போனால் அவர் பாசிட்டிவைப் பார்த்து முதலிலிருந்து மூன்று வாரம் பென்சிலின் ஊசி ஆரம்பிப்பார். இடுப்புக்குக் கீழே அந்த ஊசி எப்படி வலிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

செத்தாபாக், பெண், 29: மாசமா இருக்கேன். கிளினிக்ல எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் ரத்தம் எடுத்தாங்க. மாமியார் பக்கத்துல இருந்தாங்க, அசிங்கமாப் போச்சு.

உங்களைச் சந்தேகப்பட்டு எடுக்கவில்லை மா, கர்ப்பிணிகள் எல்லாருக்கும் எடுப்பதுதான். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்ததாக 2018-இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றிதழ் கொடுத்தது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல் நாடு. ஒவ்வொரு தாய்க்கும் ரத்தம் எடுத்ததால் கிடைத்தது அது. மாமியாரிடம் இதையே சொல்லுங்கள். முடிவைக் கேட்கும்போது அவரை வெளியே உட்காரச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, கூச்சமாக இருந்தால் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) சொல்லுங்கள், அவர் சொல்வார்.

வாங்சா மாஜு, ஆண், 22: நேத்து ராத்திரி காண்டம் கிழிஞ்சிருச்சு. டெட்டால் போட்டுக் கழுவிட்டேன்.

டெட்டால் தோலைப் புண்ணாக்கும், வேறொன்றும் செய்யாது. இதைப் படித்ததும் கிளம்புங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் பெப் என்ற மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது, முதலில் போன் போட்டுக் கேளுங்கள். தனியாரில் காசு ஆகும். மருந்து முடிந்த பிறகும் டாக்டர் சொல்லும் தேதிகளில் எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனை உண்டு. நாளைக்கே ஃபார்மசியில் சோதனைக் கிட் வாங்கி நெகட்டிவ் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், கிட் நம்பகமாகச் சொல்ல மூன்று மாதம் ஆக வேண்டும்.

மஸ்ஜித் இந்தியா, ஆண், 30: அக்கா, நான் தமிழ்நாடு, பெர்மிட்ல வேலை பார்க்குறேன். அந்த இடத்துல ஒரு புண்ணு, வலியே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருக்கு அனுப்பிருவாங்களா?

வலி இல்லாத புண்தான் எனக்குக் கவலை தருவது. சிபிலிஸின் முதல் புண் வலிக்காது, மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். ஆறியது புண் மட்டும்தான், நோய் இல்லை. பிறகு உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்பு வரும், அதுவும் மறையும். சிகிச்சை இல்லாவிட்டால் வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்து மூளையையும் இதயத்தையும் தாக்கலாம்.

உங்கள் பயம் வீண் பயம் இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபோமேமா மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டும் பார்க்கிறார்கள், தகுதி இல்லை என்று வந்தால் பெர்மிட்டுக்குச் சிக்கல்தான். குணப்படுத்தக்கூடிய நோய்க்கு இப்படி ஒரு தண்டனை வைத்தால் ஆள் மறைக்கத்தான் செய்வான் என்பது என் கருத்து. ஆனாலும் மறைத்துப் பயனில்லை. அடுத்த சோதனைக்கு முன்பே ஒரு தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு தாளை வாங்கி வையுங்கள். ஆரம்ப நிலை என்றால் ஒரே நாள் சிகிச்சை. 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி சிபிலிஸைக் கண்டால் டாக்டர் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தகவல் முதலாளிக்கு அனுப்புவதற்காக இல்லை. தனியாகப் போகத் தயக்கம் என்றால் கோலாலம்பூரில் பி.டி. ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது, சோதனையும் ஆலோசனையும் உண்டு.

ஜாலான் ஈப்போ, பெண், 36: எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடுகிறேன், கிருமி தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டது என்கிறார் டாக்டர். கல்யாணம் செய்யலாமா?

தாராளமாக. மருந்தை விடாமல் சாப்பிட்டு அந்த அளவு அப்படியே இருந்தால் உடலுறவில் கணவருக்குத் தொற்றாது. பிள்ளையும் பெற்றுக்கொள்ளலாம், கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளையிடம் நீங்களே சொல்லுங்கள், நிச்சயத்துக்கு முன்பே. சொல்லும் வார்த்தை வராவிட்டால் இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேச உங்கள் கிளினிக்கிலேயே ஆலோசகர் இருப்பார்.

கெப்போங், ஆண், 58: மனைவி போய் ஆறு வருடம். இந்த வயதில் இதற்கெல்லாம் சோதனை என்று போய் நின்றால் சிரிக்க மாட்டார்களா?

சிரிக்க மாட்டார்கள் அண்ணே. உங்கள் வயதில் வருகிறவர்கள் நிறைய. பிரஷர் மாத்திரைக்கு எப்படியும் கிளினிக் போவீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் "எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பார்க்கணும்" என்று சொல்லுங்கள். பிரஷருக்கு எடுக்கும் ரத்தத்தோடு சேர்த்து எடுத்துவிடுவார்கள். மகள் கூட வந்தால் வெளியே இருக்கச் சொல்லுங்கள்.